காற்று எடுக்கப் போன இடம்

அந்தப் பட்டறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டு வந்து கதை விடுகிறான் என்று பின்னால் ஒருவரும் பேசக் கூடாது. பகல்தான். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். காய்ச்சல் கிடையாது. மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தேன்.

மலைப் பாதையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. வாசல் பாதையைப் பார்த்திருந்தது. பாதைக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை, அதற்குப் பின்னால் பள்ளம், பள்ளத்துக்குப் பின்னால் வெறும் வானம். எங்களை இறக்கிவிட்ட பஸ் டிரைவர், "இங்கயா இறங்கறீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான்."

"திரும்பிப் போறப்போ கை காட்டினா நிறுத்த மாட்டேன். வளைவு."

"நாங்க எங்க வண்டியிலயே போயிடுவோம்" என்றான் என் மைத்துனன், பெருமையாக.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலி எதுவும் மறுபடி நாற்காலியாக இருந்ததில்லை. பல வேலைகள் பார்த்து, எல்லா வேலைகளும் அவனைப் பார்த்து ஓடிப்போன பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை ஒன்று அமைந்திருந்தது. சொந்த வேன் இருக்க வேண்டும். திங்கட்கிழமை வேனோடு வந்து நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. இந்த மலையில் ஒரு வேன் சும்மா நிற்கிறது, கொண்டுபோனால் போதும் என்கிற மாதிரி விற்கிறார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் செய்திகள் அந்த வழியாகத்தான் வரும், கட்டளைகளும்.

"நீங்கதானே மெக்கானிக்கு. பிரேக்கை நீங்களே பாருங்க. புள்ளைங்க ஏறப்போற வண்டி" என்றாள். "ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க."

முழுசா என்ற சொல்லை அவள் எதற்காகப் போட்டாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

டீக்கடைக்காரர்தான் வேனுக்குச் சொந்தக்காரர். எங்களைக் கண்டதும் எழுந்து பாதையின் ஓரம் வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. சாவியை அங்கிருந்தபடியே வீசினார்.

"ஆயில் மொத்தத்தையும் நான்தான் வடிச்சு விட்டேன்" என்று இரைந்தார். "கிளச்சுக்கும் பிரேக்குக்கும் புதுசா ஊத்தி, காத்து எடுத்துக்கோங்க. ஹேண்ட் பிரேக் கிடையாது, கேபிள் அறுந்திருக்கு."

"எதுக்கு வடிச்சீங்க?"

"வாங்கிட்டுப் போனவங்க கட்டி இழுத்துக் கொண்டாந்து விட்டுட்டாங்க. பிரேக் பிடிச்சா விட மாட்டேங்குதாம்." தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கை துடைத்தார். கை ஈரமாக இல்லை. "வேலையைப் பாருங்க. ஆனா கீழ படுத்துக்கிட்டு 'விடு'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அதைச் சொல்லாம எப்படிங்க காத்து எடுக்கிறது?"

"வேற ஏதாச்சும் சொல்லுங்க."

கடைக்குள் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரேக் என்பது மிதியிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு குழாய் நிறைய எண்ணெய். எண்ணெய் அமுங்காது. மேலே மிதிக்கிற மிதி அப்படியே கீழே போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். நடுவில் காற்று புகுந்துவிட்டால் மிதி தலையணை மாதிரி ஆகிவிடும், சக்கரம் பாட்டுக்கு ஓடும். கிளச்சும் இதே சாதிதான். அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே சீட்டில். ஒருவன் கீழே சக்கரத்துக்குப் பின்னால். கீழே இருப்பவன் 'அடி' என்றால் மேலே இருப்பவன் மிதியை அடித்துக்கொடுப்பான். 'பிடி' என்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பிடிச்சிருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். அப்போது கீழே இருப்பவன் சின்னத் திருகு ஒன்றைத் திறப்பான். ஒரு ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றும் எண்ணெயும் பாட்டிலுக்குள் கொப்புளம் கொப்புளமாக வரும். திருகை மூடிவிட்டு 'விடு' என்பான். அதற்கப்புறம்தான் காலை எடுக்கலாம். அவசரக்காரன் முன்னாலேயே எடுத்துவிட்டால், போன காற்று அத்தனையும் சொந்த பந்தங்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே திரும்பிவிடும்.

இந்த வேலையில் கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவன் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

கொட்டகைக்குள் காலடி வைத்ததும் வெயில் வெளியே நின்றுவிட்டது. பழைய கிரீஸ், துரு, எலிப் புழுக்கை, இதற்கெல்லாம் அடியில் ஏதோ ஒன்று இனிப்பாக, தொண்டையில் படிகிற மாதிரி ஒரு வாசம். சுவரில் ஸ்பானர்கள் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. மேசையின் மேல் இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன, இப்போதுதான் கழுவின மாதிரி. தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. அந்தச் சரிவில், வாசலைப் பார்த்தபடி, வேன் நின்றது.

"கட்டை எங்கடா?" என்றேன். சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கிற கட்டைகளை எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன்.

"பையில இடம் இல்லை மாமா. சாப்பாட்டு டப்பா வெச்சேன்."

"நாலு டப்பா எதுக்குடா?"

"உங்களுக்கு ஒண்ணு."

மூலையில் கொஞ்சம் செங்கல் கிடந்தது. வேகாத செங்கல், வெளிறிப்போன நிறம். முன் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டிரண்டாக வைத்தேன். காய்ந்த தரையில் கச்சிதமாகத்தான் நின்றன. மைத்துனன் மேலே ஏறினான். வேன் ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டு இறங்கியது. நான் ஒல்லி. ஜாக்கி இல்லாமலே எந்த வண்டிக்கு அடியிலும் போய்விடுவேன். என் மனைவி என்னை வீட்டில் தேடும்போது கட்டிலுக்கு அடியில் பார்ப்பதும் அதனால்தான்.

முதலில் கிளச்.

"அடி."

கிளுக் கிளுக்கென்று மிதி அடிபட்டது.

"பிடி."

"பிடிச்சிருக்கேன் மாமா."

திறந்தேன். கொப்புளங்கள் வந்தன. மூடினேன். "விடு" என்றேன், டீக்கடைக்காரரை நினைத்துக் கொஞ்சம் சத்தமாகவே.

கொட்டகைக்குள் ஏதோ ஒன்று கவனித்துக் கேட்டது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கூரையில் ஓடிக்கொண்டிருந்த எலி நின்றுவிட்டது.

"மாமா."

"என்னடா?"

"காலை எடுத்துட்டேன். மிதி மேல வரலை."

"காத்து இருந்தா வராதுடா. கட்டை விரலைக் கொடுத்துத் தூக்கு."

"தூக்கறேன். யாரோ மேல மிதிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

"உன் இன்னொரு காலா இருக்கும். பாரு."

கொஞ்ச நேரம் பார்த்தான் போலிருக்கிறது. "இல்லை மாமா. அது வெளிய இருக்கு."

ஒரு வழியாக மிதி வந்தது. நாலைந்து தடவை எடுத்ததும் கிளச் சரியாகிவிட்டது. வெளியே வந்து முதுகை நிமிர்த்தினால் வெயிலைக் காணோம். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி டீக்கடையை விழுங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதற்குள் எதிரே ஓடி, இரண்டு டீயும் ஒரு கதையும் வாங்கிக்கொண்டு வந்தான். டீயை எனக்குக் கொடுத்தான். கதையை நான் மறுபடி கீழே படுத்த பிறகு ஆரம்பித்தான். என்னால் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துத்தான் அவன் எப்போதும் பேசுவான்.

பிரேக்கில் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்னால், இடது பக்கம். பக்கவாட்டில் நுழைந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சு பாதிதான் கேட்கும்.

"இந்தப் பட்டறை டீக்கடைக்காரரோட தம்பியோடதாம் மாமா. அடிக்கவா?"

"அடி. பிடி."

"பிடிச்சிருக்கேன். அவரு கீழ படுப்பாராம், பொண்டாட்டி மேல உக்காந்து மிதிப்பாங்களாம். வேற ஆளே வெச்சுக்கலையாம்."

"விடு."

இந்தத் தடவை மிதி வெகு நேரம் கழித்துத்தான் மேலே போனது.

"ஒரு நாள் இந்த வேனுக்குக் காத்து எடுத்து முடிச்சிட்டாங்களாம். முடிஞ்சுதேன்னு முட்டுக் கல்லை எடுத்துட்டாராம் அவரு. அப்புறம்தான், ஒழுகுதான்னு ஒரு தடவை பாத்துடலாம்னு, பொண்டாட்டியைப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி கீழ பூந்தாராம்."

நான் திருகைத் திறக்கப் போன கையை நிறுத்தினேன். எந்த மெக்கானிக்கும் அந்த இடத்தில் நிறுத்துவான். கல் இல்லை, ஹேண்ட் பிரேக் இல்லை, சரிவு. அந்த வேன் நின்றது அவள் கால் ஒன்றினால்.

"பார்த்தாராம். ஒழுகலையாம். நல்லா இருக்குன்னு சந்தோஷத்துல, பழக்கத்துல, 'விடு'ன்னாராம்."

மழை கொட்டியது.

"விட்டுட்டாங்களாம் மாமா. சொன்னா விட்டுத்தானே ஆகணும்."

"போதும்டா. அடி."

"அந்தம்மா அப்புறம் சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்லையாம். அவரை எடுத்துட்டுப் போனப்பவும் மிதியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். சோறு தண்ணி இல்லாம. உயிர் போனப்புறமும் அந்தக் காலை மிதியிலேர்ந்து எடுக்க ரெண்டு ஆம்பளைங்க வேண்டியிருந்துச்சாம்."

"வாயை மூடிட்டு மிதிடா."

"மிதிக்கிறேன். ஆனா மாமா, இனிமே அந்த வார்த்தை வேணாமே."

எனக்கும் வேண்டாம் என்றுதான் பட்டது. ஆனால் பயந்தவன் மாதிரி காட்டிக்கொள்ள முடியுமா? "சரி, இனிமே சக்கரத்துல ஸ்பானரால ஒரு தட்டு தட்டறேன். அதுதான் அர்த்தம்" என்றேன்.

அப்படியே வேலை நடந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் ஆயிற்று. முன்னால் போனேன். மைத்துனன் பேச்சை நிறுத்திவிட்டான். எவ்வளவோ வருஷமாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 'பிடி' என்றால் 'பிடிச்சிருக்கேன்' என்று மட்டும் பதில் வந்தது. குரல் சற்றுக் கம்மியிருந்தது. ஈரத்தில் தொண்டை கட்டியிருக்கும். மிதிப்பதும் முன்னைவிட நன்றாக இருந்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல், கை தேர்ந்த கால் என்று சொல்லலாமா தெரியவில்லை, அப்படி ஒரு கால். தட்டின பிறகுதான் எடுத்தது. அதுவும் தயங்கித் தயங்கி.

காற்றுதான் தீரவில்லை.

ஒரு குழாயில் எவ்வளவு காற்று இருந்துவிட முடியும்? ஒரு டம்ளர். இரண்டு டம்ளர். நான் எடுத்த காற்றில் ஒரு லாரி டயரை நிரப்பியிருக்கலாம். கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தன. தண்ணீரில் உடைகிற கொப்புளம் மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் பாட்டிலின் வாயில் வந்து, ஹா என்று மெதுவாக உடைந்தது. பாரமான எதையோ நெஞ்சில் வாங்கினவன் விடுகிற மூச்சு மாதிரி. ஒவ்வொன்றும் உடைந்தபோது அந்த இனிப்பு வாசம் வந்தது. இப்போது பிடிபட்டது. இருமல் மிட்டாய். வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற வாசம்.

ஒரு வழியாக நின்றது. சுத்தமான எண்ணெய் வந்தது. எல்லாத் திருகுகளையும் இறுக்கி, எண்ணெய்ப் பாட்டிலை மூடிக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். ஒரு சின்ன வேலைதான் பாக்கி. எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போதுதான் அது தெரியும். பின் சக்கரத்துக்கு முன்னால் மறுபடி ஊர்ந்து போய்க் குறுக்கே படுத்தேன்.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

டார்ச்சை அடித்தேன். ஒரு சொட்டு இல்லை. நல்ல வேலை. மனம் நிறைந்தது. இந்த மாதிரி நேரத்தில் உடம்பு தானாகப் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது. ஸ்பானர் கையில் இல்லை. வாயைத் திறந்தேன். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் முன் பம்பருக்கு அடியில், வாசல் வெளிச்சத்தில், இரண்டு கால்களைப் பார்த்தேன்.

நனைந்த கால்கள். வெளிப்பக்கம் தேய்ந்த செருப்பு. உலகத்தில் வேறு ஒருவருக்கும் அந்த அகலம் கிடையாது.

மைத்துனன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

நான் வாயை மூடினேன்.

முன்பக்கம் மேலே மிதி கிறீச்சிட்டது. யாரோ இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்கள்.

டார்ச்சை மெல்ல முன் சக்கரத்தின் பக்கம் திருப்பினேன். கொட்டகைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக ஓடியதோ, முதுகு நனைந்ததை நான் சிந்தின எண்ணெய் என்று நினைத்திருந்தேன். செங்கல் வைத்த இடத்தில் செங்கல் இல்லை. வெளிறின சேறு மட்டும் கரைந்து வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

கல் இல்லை. ஹேண்ட் பிரேக் இல்லை. சரிவு.

பின் சக்கரம் என் விலாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கத்தலாமா என்று பார்த்தேன். எதைக் கத்துவது? வாயைத் திறந்தால் எந்தச் சொல் வெளியே வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய வாய்.

அந்த நேரத்தில் இருமல் மிட்டாய் வாசம் வந்தது. பாட்டிலிலிருந்து இல்லை.

இடது பக்கத்திலிருந்து.

எனக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, யாரோ படுத்திருந்தார்கள்.

நான் திரும்பவில்லை. டார்ச்சையும் திருப்பவில்லை. அணைத்துவிட்டேன். சில விஷயங்களுக்கு இருட்டுத்தான் மரியாதை. ஈரமான, உடைந்த, பாதி காற்று வெளியேறிப்போன நெஞ்சு ஒன்று ஏறி இறங்கும் சத்தம் காதுக்கருகில் கேட்டது. பிறகு நிம்மதியாக, வேலை முடிந்த மனுஷன் சொல்கிற மாதிரி, ஒரு குரல் சொன்னது.

"விடு."

மேலே மிதி நடுங்கியது. வேன் ஒரு நூல் அளவு அசைந்தது.

"மாட்டேன்" என்றாள் மேலே இருந்தவள்.

"அதான் முடிஞ்சுதுல்ல. விடு."

"மாட்டேன். கீழ ஆள் இருக்கு."

"சொன்னாக் கேளு."

"சொன்னதைக் கேட்டதெல்லாம் போதும்."

புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாம் மனிதன் தலையைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் தலை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

"தங்கச்சி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தங்கச்சி, பிடிச்சுக்கோம்மா. நான் வெளிய வந்துடறேன்."



"வாங்கண்ணே" என்றாள். "பிடிச்சிருக்கேன். மெதுவா வாங்க."

முழங்கையை ஊன்றி நகர்ந்தேன். கால் வெளியே போயிற்று. இடுப்பு போயிற்று. தோள் போக வேண்டும், தலை போக வேண்டும். அப்போது சட்டைக் காலரை ஏதோ பிடித்துக்கொண்டது.

வண்டிக்கு அடியில் ஆணி இருக்கும், கம்பி இருக்கும். எத்தனையோ சட்டை கிழிந்திருக்கிறது. ஆனால் கம்பிக்கு விரல் இருக்காது.

இப்படி ஒருவன் காலரைப் பிடித்தால் மனுஷன் வாயிலிருந்து தானாக வருகிற சொல் ஒன்றுதான். அது எனக்கு மூச்சு முட்ட வந்தது. பல்லை இறுகக் கடித்தேன். கீழ் உதட்டில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. சவரம் செய்யும்போது பட்டதென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பொத்தான்கள் தெறிக்க, சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, பாம்பு தோலுரிக்கிற மாதிரி வெளியே வந்து விழுந்தேன். சட்டை சரக்கென்று உள்ளே போய்விட்டது.

மைத்துனன் ஓடிவந்து என்னைத் தூக்கினான்.

"ஏண்டா எந்திரிச்சுப் போன?"

"அக்கா குரல் மாதிரி இருந்துச்சு மாமா. தோளைத் தட்டி, 'தள்ளுப்பா, நான் பிடிச்சுக்கறேன்'னாங்க. பழக்கத்துல எந்திரிச்சுட்டேன்."

"உங்க அக்கா இங்க எங்கடா வருவா?"

"வெளிய வந்தப்புறம்தான் அதை யோசிச்சேன். கத்தினேன் மாமா. வாய் தொறந்துச்சு, சத்தம் வரலை."

ஓடியிருக்க வேண்டும். அறிவுள்ளவன் ஓடியிருப்பான். எனக்கு என்னவோ அப்படியே போக மனசு வரவில்லை. அந்தப் பெண் எத்தனை காலமாக ஒரே காலில் அந்த வேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு எனக்காகவும் பிடித்தாள். இருவருமாகப் பாதையோரத்திலிருந்து பாறைக்கல் உருட்டிவந்து நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் வைத்தோம். யானை இழுத்தாலும் அசையாது. பிறகு நான் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

சீட்டு நடுவில் அமுங்கியிருந்தது. என் மைத்துனன் உட்கார்ந்த பள்ளம் இல்லை. அதில் பாதிகூட இல்லாத, ஒடுங்கின ஒரு பள்ளம். பிரேக் மிதி அழுந்தியே இருந்தது.

"கல்லு வெச்சாச்சும்மா" என்றேன். "கீழ யாரும் இல்லை. போதும். காலை எடுத்துக்கோ."

மிதி மெல்ல, ஒரு விரல் அகலம், மேலே வந்தது. சீட்டின் பள்ளம் இளகியது. யாரோ வெகுகாலமாக அடக்கிவைத்த மூச்சை விடப்போகிற மாதிரி இருந்தது.

வேனுக்கு அடியிலிருந்து, சிரித்த மாதிரி, ஒரு குரல் வந்தது.

"நான் இருக்கேனே."

மிதி தடாலென்று கீழே போயிற்று.

நாங்கள் பாதையைத் தாண்டினோம். டீக்கடைக்காரர் கையை நீட்டாமல், சாவியை மேசையில் வைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். என் வெற்று உடம்பைப் பார்த்தார். தன்னிடமிருந்த ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"விட்டாளா?" என்று கேட்டார்.

"இல்லை."

"என் தம்பிக்குப் பிடிவாதம். அவளுக்கு அதுக்கு மேல." அடுப்பைக் குறைத்தார். "சிகரெட்டை விடணும்னு எந்நேரமும் இருமல் மிட்டாயைச் சப்பிக்கிட்டே இருப்பான். அதையும் கடைசி வரைக்கும் விடலை."

பஸ் வந்தது. கை காட்டினோம். சொன்னபடியே டிரைவர் நிறுத்தவில்லை. அத்தனை வளைவையும் நடந்தே இறங்கினோம். பாதி தூரத்தில்தான் கவனித்தேன், கால்சட்டைப் பையில் அந்த எண்ணெய்ப் பாட்டில் அப்படியே இருந்தது. ஸ்பானரை விட்டுவிட்டேன், டார்ச்சை விட்டுவிட்டேன், சட்டையை விட்டுவிட்டேன். இதை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். தூக்கிப் போட நினைத்தேன். பள்ளத்தில் போட்டால் யார் தலையில் விழுமோ என்று வீடு வரைக்கும் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.

பள்ளிக்கூட வேலை வேறு ஆளுக்குப் போனது. மைத்துனன் இப்போது தையல் வேலை பார்க்கிறான். மிதிக்கிற மெஷின் வேண்டாம், கரண்ட் மெஷின்தான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினான். அவன் அக்கா காரணம் கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் முழங்கால் வலி என்றோம்.

இதெல்லாம் முடிந்து மழைக்காலம் போய் வெயில்காலமும் பாதி போயிற்று. நேற்று சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தான். கிளம்பும்போது சொன்னான், "மாமா, உங்க கார்ல பிரேக் ஆயில் குறைஞ்சு போயிருந்துச்சு. நீங்க பாக்கவே மாட்டீங்களா? அலமாரியில பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு பாட்டில்ல இருந்துச்சு. ஊத்திட்டேன்."

அவன் முகத்தில் ஒரு பெருமை. எனக்கு நல்லது செய்துவிட்ட பெருமை.

எங்கள் வாசலும் சரிவுதான்.

இன்று காலை என் மனைவி கடைக்குப் போகப் பையோடு வந்து நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன், காய்ச்சல் கிடையாது, கண்ணாடியும் போட்டிருந்தேன். காரின் கதவைத் திறந்தேன். இருமல் மிட்டாய் வாசம்.

சீட்டின் நடுவில் ஒடுங்கின ஒரு பள்ளம். பிரேக் மிதி தரையோடு அழுந்தியிருந்தது.

"என்ன அப்படியே நின்னுட்டீங்க? வண்டியை எடுங்க" என்றாள் அவள்.

"நடந்தே போயிட்டு வரலாம்" என்றேன்.

குனிந்து காருக்கு அடியில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே ஆள் இல்லாமல் அந்தப் பெண் பிடிக்க மாட்டாள்.